பழுதான சாமானின் விலையை எந்தக் கொப்பியில் எழுதுகிறோம்?

வியாபாரத்தில் இலாபம் எவ்வளவு என்று கேட்டால் எம்மில் அநேகர் உடனே பதில் சொல்லிவிடுவோம். வாங்கிய விலை, விற்ற விலை, கடை வாடகை, கரண்ட் பில், பொடியன்மாரின் சம்பளம், லொறிக்கூலி எல்லாம் போக மிச்சம் இவ்வளவு என்று விரல் விட்டே கணக்குச் சொல்லக்கூடியவர்கள் நாம். ஆனால் சென்ற வருடம் தரம் குறைந்த சாமானால் உங்கள் கையை விட்டுப் போன காசு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "அது சும்மா சில்லறைச் செலவு" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாத்தியார் கடைக்கு வந்த நாளிலிருந்துதான் அந்தச் சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். 1990 ஒக்டோபரில் எல்லோரையும் போல வெறுங்கையோடு வெளியேறி, புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, 2010 இல் திரும்பி வந்து மறுபடியும் கடை திறந்தேன். அதற்கு முன்னர் வாப்பாவின் இரும்புக் கடை இங்கேதான் இருந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னர் வரும்.

2017 இல் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். பழைய சோனகத் தெருவில் ஒரு மொத்த வியாபாரி புதிதாக வந்திருந்த தண்ணீர் டப்பைக் காட்டினார். எங்கள் பக்கம் வீட்டுக்காரர்கள் அதைப் பைப் என்றே கேட்பார்கள். நான் வழமையாக எடுக்கும் பித்தளை டப் 390 ரூபா. இது 310. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதுதான் கூடப் பளபளத்தது. "நானா, பளபளப்பப் பாருங்க. கஸ்டமருக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. முப்பது டசின் எடுத்தேன். பழைய டப் விற்ற அதே 480 ரூபாவுக்கே இதையும் விற்றேன். ஒன்றில் 80 ரூபா கூடுதல் இலாபம். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக ஒரு சந்தோஷம்.

ஏழு மாதம் கழித்து ஆனைக்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடதாசியில் சுற்றிய டப் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திருகு பக்கம் வெள்ளையாகப் பூத்து, கழுத்தில் வெடித்திருந்தது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, உம்மட வாப்பாட்ட 82 இல வாங்கின பூட்டு இன்னும் என்ர கேற்றில கிடக்கு. 95 இல எல்லாரும் வெளிக்கிட்டு ஓடேக்க அதைத்தான் பூட்டிப்போட்டுப் போனனாங்கள். திரும்பி வரேக்கயும் அது கிடந்தது. நீர் தந்த பைப் ஏழு மாசம்" என்றார். அவ்வளவுதான். நான் மாற்றித் தந்த நல்ல டப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு ஒரு பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்து, இந்த டப்பால் எனக்கு உண்மையில் வந்தது என்ன, போனது என்ன என்று எழுதத் தொடங்கினேன். பதினான்கு மாதம் எழுதினேன். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன், நீங்களும் கூட்டிப் பாருங்கள்.

360 டப்பில் 300 விற்றேன். கூடுதல் இலாபம் 24,000 ரூபா. திரும்பி வந்தவை 57. ஒவ்வொன்றுக்கும் 390 ரூபா டப் மாற்றிக் கொடுத்தேன், 22,230 ரூபா. கொழும்பு வியாபாரி இருபதை மட்டும் ஏற்றுக்கொண்டு 6,200 ரூபாவைக் கணக்கில் கழித்தார். மிச்சத்துக்கு "தண்ணீர் பிழை" என்று சொல்லிவிட்டார். ஆக 16,030 ரூபா என் தலையில். பெட்டி அனுப்பிய லொறிக்கூலி 1,450. ஒன்பது வீடுகளில் டப் வெடித்துத் தண்ணீர் ஓடியதால் பிளம்பரை நானே அனுப்பிச் சரிசெய்து கொடுத்தேன், வீட்டுக்கு 1,500 வீதம் 13,500. விற்காமல் நிறுத்திய 60 டப்பின் கொள்விலை 18,600. அதையும் திரும்பி வந்து கிடந்த 37ஐயும் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டதில் 4,300 கிடைத்தது. அதில் நட்டம் 14,300. எல்லாம் கூட்டினால் 45,280 ரூபா. வந்த 24,000ஐக் கழித்தாலும் 21,280 ரூபா சுத்த நட்டம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஒன்பது வீடுகளில் மூன்று வீடு ஒரே கொந்தராத்துக்காரரின் வேலை. மாதம் 40,000 ரூபாவுக்குக் குறையாமல் சாமான் எடுப்பவர். அவர் சண்டை பிடிக்கவில்லை, வருவதை நிறுத்திவிட்டார். நூற்றுக்கு எட்டு இலாபம் என்று வைத்தாலும் மாதம் 3,200, வருடத்துக்கு 38,400 ரூபா. இது எந்த பில்லிலும் இல்லை. வராத மனிதருக்கு யார் பில் எழுதுவது?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த 45,280 ரூபா என் கடைக் கணக்கில் எங்கே இருந்தது தெரியுமா? லொறிக்கூலி போக்குவரத்தில் இருந்தது. பிளம்பரின் காசு பராமரிப்பில் இருந்தது. மாற்றிக் கொடுத்த டப் கொள்வனவில் கரைந்து போயிருந்தது. பழைய இரும்புக் காசு ஏனைய வருமானம் என்று இலாபப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது! கணக்குப் பார்க்கும் தம்பியிடம் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றார். சரிதான். ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் ஒரு பிழையான கொள்வனவால் வந்த செலவு என்று ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய பக்கம் ஒன்று ஐந்தொகையிலும் இல்லை, பேரேட்டிலும் இல்லை.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமை பேசவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் வேலை செய்த ஆர்மண்ட் ஃபைகன்பௌம் என்பவர் 1956 லேயே தரத்துக்கான செலவைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிழை வராமல் தடுக்கச் செய்யும் செலவு ஒன்று. பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் செலவு இன்னொன்று. பிழை வந்தபின் ஏற்படும் செலவு மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பின்னர் இரண்டாக உடைத்தார்கள். சாமான் எமது கையில் இருக்கும்போதே பிழை தெரிந்தால் ஒரு விலை, வாசலைத் தாண்டி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனபின் தெரிந்தால் வேறு விலை. ஜோசப் ஜூரான் என்ற இன்னொருவர் இப்படி வீணாகும் காசைச் சுரங்கத்தில் கிடக்கும் தங்கம் என்றார். வெட்டி எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது என்ற கருத்தில். அவர் 103 வயது வரை வாழ்ந்து 2008 இல் இறந்தார். பிலிப் குரோஸ்பி என்பவர் 1979 இல் எழுதிய புத்தகத்துக்குத் தரம் இலவசம் என்றே பெயர் வைத்தார். அதில் எனக்கு ஒரு சச்சரவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பெரிய கம்பனிக்காரரின் பேச்சு எமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். எமது தொழில்களில் இது எப்போதும் இருந்த விசயம். என் மச்சான் ஒருவர் தையல்காரர். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முதல் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பார். அதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர். அப்படிச் செய்யாமல் தைத்தால், முதல் கழுவலில் சேட் சுருங்கி வாடிக்கையாளர் திரும்பி வருவார். புதுத் துணி, மறுபடி தையல்கூலி, பெருநாள் நேரமென்றால் அவர் பிள்ளையின் அழுகை வேறு. ஒரு வாளித் தண்ணீர் தடுப்புச் செலவு. மற்றதெல்லாம் வாசல் தாண்டிய செலவு.

என் கடையில் சீமெந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தில் நேரே அடுக்கிய மூடை அடியிலிருந்து கட்டிபடும். நாலு பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்றால் போதும். பலகைக்கு ஒருமுறைதான் காசு. கட்டிபட்ட மூடை ஒவ்வொரு மாரியிலும் காசு. அதைவிட மோசம், பாதி கட்டிபட்டதைத் தட்டி உடைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று விற்பது. அந்தச் சீமெந்து போய் யாருடைய வளையில் நிற்கப் போகிறது என்று எமக்குத் தெரியாது.

சோதனைக்கும் பெரிய செலவு இல்லை. அந்த 310 ரூபா டப் பித்தளையே இல்லை, நாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. தீவுப் பக்கம் உவர் வேறு. அந்தத் தண்ணீருக்கு நாகம் தாக்குப்பிடிக்காது. கொழும்பில் நின்றபோது என் சட்டைப் பையில் ஒரு சின்ன அரம் இருந்திருந்தால், மரையின் ஓரத்தில் இரண்டு இழு இழுத்தாலே தெரிந்திருக்கும். பித்தளையென்றால் உள்ளேயும் மஞ்சள், நாகமென்றால் சாம்பல். கையில் தூக்கிப் பார்த்தாலும் நாகம் பாரம் குறைவு. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், நாகமும் பித்தளையும் அதில் ஒட்டா. இரண்டு நிமிட வேலை, எனக்கு 45,280 ரூபா. கொந்தராத்துக்காரரையும் சேர்த்தால் 83,680.

இரும்புக் கம்பி விற்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 6 மீற்றர் கம்பி 5.33 கிலோ. 10 மில்லிமீற்றர் மீற்றருக்கு 0.617. கட்டில் நாலைந்தை உருவித் தராசில் போடுங்கள். கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அதற்கு விதியிலேயே இடமுண்டு. ஆனால் 12 என்று எழுதிய கம்பி 4.8 கிலோவில் நின்றால் நீங்கள் வாங்குவது 12 அல்ல, 12 என்ற எழுத்து. கம்பிக்கு எஸ்.எல்.எஸ். 375, சாதாரண போட்லண்ட் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107 என்று இலக்கம் இருக்கிறது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் கொடுக்கும் அந்த முத்திரையைப் பார்ப்பதற்குக் காசு இல்லை. எங்கள் சொந்தத் தராசையும் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி வருடாவருடம் முத்திரை வைக்க வேண்டும். அதைப் பலர் தண்டச் செலவு என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் மட்டும் ஏமாறுவதில்லை, கூட நிறுக்கும் தராசு கடைக்காரரின் வயிற்றில் அடிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதற்காக ஒவ்வோர் ஆணியையும் எடுத்துச் சோதிக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு பொடியனை இருத்தி ஆணி எண்ணினால் அவன் நாட்கூலியே ஆணியின் இலாபத்தைத் தின்றுவிடும். எந்தச் சாமான் பழுதானால் வீடு நனையும், ஆள் விழும், கரண்ட் அடிக்கும் என்று பார்த்து அதைச் சோதிப்பதுதான் புத்தி. வயர், பிளக், டப், கம்பி, ஏணி. பூச்சாடியைச் சோதிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

வாசல் தாண்டிய செலவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு ஒன்று அகப்பட்டது. தேயிலையைத் தின்னும் வண்டு அல்ல, தானியத்தைத் தின்பது, பொதியில் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. ஆனால் ரஷ்யா அந்த ஒரு கம்பனியின் தேயிலையோடு நிற்கவில்லை. இலங்கையின் விவசாயப் பொருட்கள் முழுவதற்கும் டிசம்பர் 18 முதல் தற்காலிகத் தடை போட்டது. அரசாங்கம் ஆள் அனுப்பிப் பேசி அந்த மாத முடிவில்தான் தடை நீங்கியது. ஒரு பெட்டியைத் துப்புரவு செய்யாத செலவை, அந்தப் பெட்டியைக் கண்ணாலும் காணாத ஆயிரக்கணக்கானோர் பயத்தோடு சுமந்தார்கள்.

2021 இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலை எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக எமது தாவரத் தொற்றுநீக்கல் அதிகாரிகள் சொன்னார்கள், சீனக் கம்பனி மறுத்தது. 20,000 தொன் பசளை நாட்டுக்குள் இறங்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரை நாம் கட்டினோம். இடையில் மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது வேறு. நான் அதில் படித்த பாடம் சின்னது: மாதிரி யார் பார்ப்பது, எந்த ஆய்வுகூடத்தின் முடிவு கடைசி, பிழையென்றால் காசு யாருடையது என்பதெல்லாம் கப்பல் புறப்படும் முன் இரு பக்கமும் சந்தேகமில்லாமல் பேசி முடிக்க வேண்டியவை. எனது முப்பது டசின் டப்புக்கும் நான் அப்படி ஒன்றும் பேசவில்லை. நாடு செய்த பிழையைத்தான் நானும் செய்தேன், தொகைதான் குறைவு.

இன்னும் கிட்ட வருவோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தை யாழ்ப்பாணத்தார் மறக்கமாட்டார்கள். மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது என்ற வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கழிவெண்ணெயை ஒழுங்காக அப்புறப்படுத்துவது ஒரு தடுப்புச் செலவு, கம்பனியின் கணக்கில் வரவேண்டியது. அது அங்கே எழுதப்படாதபோது சனத்தின் கணக்கில் எழுதப்பட்டது. பவுசருக்குக் குடத்தோடு காத்திருந்த நேரம், போத்தல் தண்ணீர் வாங்கிய காசு, தோட்டத்துக்கு இறைக்கப் பயந்த நாட்கள். 2 கோடி எழுதக்கூடிய தொகை. மற்றதை யார் எழுதினார்கள்?

இதை ஏன் எமது சமூகத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், எமக்கும் ஒரு கப்ரா வண்டுப் பிரச்சினை இருக்கிறது. மனம் நோகாமல் கேளுங்கள். மீளக் குடியேறி வந்து கடை போட்டவர்களில், பாதையோரத்தில் விரித்தவர்களில், சிலர் மலிவுச் சாமானையே நம்பித் தொடங்கினோம். முதல் இல்லாதவன் வேறென்ன செய்வான்? ஆனால் ஒருவர் விற்ற சார்ஜர் எரிந்தால் அந்தக் கடையின் பெயரைச் சனம் சொல்வதில்லை. "நானாமாரின்ர சாமான்" என்றுதான் சொல்கிறது. இது அநியாயம். ரஷ்யா செய்ததும் அநியாயம்தான். ஆனால் சந்தை அப்படித்தான் நடக்கிறது. அதே சந்தைதான் 82 இல் விற்ற ஒரு பூட்டுக்காக, இருபது வருடம் இல்லாமல் போய் வந்த ஒருவனின் கடையைத் தேடி ஒரு வாத்தியாரை அனுப்பியது. வாப்பா விட்டுப் போன சொத்து என்று இங்கே மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான். கட்டடத்தில் கூரை இருக்கவில்லை. அந்தப் பெயரிலிருந்து நான் டப்புக்கு 80 ரூபா வீதம் எடுத்துச் செலவழித்திருக்கிறேன்.

இனி குரோஸ்பியோடு என் சச்சரவு. தரம் இலவசம் என்று அவர் சொன்னதன் கருத்து எனக்கு விளங்குகிறது. முதலிலேயே சரியாகச் செய்தால் பின்னால் மிச்சமாகும் காசு அந்தச் செலவை ஈடுசெய்துவிடும். பெரிய கம்பனிக்கு அது சரி. எமக்கோ மிச்சமாகும் காசு வருவது அடுத்த வருடம், நல்ல சாமானுக்கான காசு கேட்கப்படுவது இன்றைக்கு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360க்குப் போனபோது, அதே முதலுக்கு அரைவாசிச் சாமான்தான் கிடைத்தது. அறுபது நாள் செக்கில் கடனுக்கு எடுப்பவருக்குக் கொழும்பு முதலாளி தருவதுதான் சாமான். பிழை பார்த்தால் "அப்ப காசு தந்து எடுங்க" என்பார். ஆகவே மலிவு விற்கிறான் என்று சின்னக் கடைக்காரனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தரம் இலவசமில்லை, முற்பணம் கேட்கும்.

ஆனால் முற்பணம் இல்லாதவரும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் எமக்கெல்லாம் தெரியும். விரலில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. சனம் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. இதை எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன். டப் கணக்குப் பார்த்த பிறகுதான் ஒரு விசயம் உறைத்தது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அந்தக் கேள்வி சொல்லவில்லை. மேலே வைத்து விற்கச் சொல்கிறது. நனைந்ததற்கும் ஒரு விலையும் ஒரு தேவையும் இருக்கிறது.

இன்றும் என் கடையில் மலிவு டப் இருக்கிறது. ஆனால் தனிப் பெட்டியில், விலை குறைத்து, "கிணற்றுத் தண்ணீருக்குச் சரிவராது" என்று மார்க்கர் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர்த் தாங்கிக்கு, வேலை நடக்கும் இடத்தில் தற்காலிகமாகப் பூட்ட என்று தெரிந்தே வாங்கிப் போகிறார்கள். திரும்பிக் கொண்டுவருவதில்லை. அதே சாமான்தான், எழுதியது மட்டும்தான் வித்தியாசம். கொழும்பில் எடுக்கும்போதும் "மூன்று மாதத்துக்குள் பழுதானால் திரும்ப எடுக்கப்படும்" என்று பில்லிலேயே எழுதிக் கேட்கிறேன். எல்லோரும் எழுதமாட்டார்கள். எழுத மறுப்பவர் தன் சாமானைப் பற்றி எனக்கு ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொப்பியும் தொடர்கிறது. ஒரு பக்கத்தில் நாலு கோடு. தடுக்கப் போனது, சோதிக்கப் போனது, கடைக்குள் பழுதானது, திரும்பி வந்தது. நாளுக்கு இரண்டு வரி, சில நாள் ஒன்றுமில்லை. முதல் வருடம் கடைசிக் கோடுதான் நீளம். இப்போது முதல் இரண்டு கோட்டிலும் கொஞ்சம் கூடியிருக்கிறது, கடைசியில் நன்றாகக் குறைந்திருக்கிறது. மொத்தமும் குறைவு. வர்த்தகச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை ஒரு யோசனை சொன்னேன். எந்தக் கம்பனிச் சாமான் கூடத் திரும்பி வருகிறது என்று கடைக்காரர் எல்லோரும் மாதம் ஒருமுறை ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம், பத்துக் கடை சேர்ந்து கேட்டால் கொழும்பு முதலாளி தட்டிக்கழிக்க முடியாது என்று. தேநீர் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்னொரு கூட்டத்தில் மறுபடி சொல்வதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வாத்தியார் இப்போதும் வருகிறார். போன மாதம் பிணைச்சல் நாலு வாங்கினார், அரத்தை நீட்டினேன், வேண்டாம் என்று சிரித்தார். அந்தக் கொந்தராத்துக்காரர் இன்னும் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் கடையைத் தாண்டிப் போகும்போது கை காட்டுவார். நானும் காட்டுவேன். மாதம் 3,200 ரூபா என்று கொப்பியில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.